சபாவுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்

மயிலாப்பூரில் பழைய வீடுகளும் பழைய ஃபிளாட்டுகளும் இடிந்து புது அடுக்குமாடிகள் எழுகின்றன. வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் மண்ணுக்கு எவ்வளவு, சுவருக்கு எவ்வளவு, அந்தத் தெருவின் பேருக்கு எவ்வளவு?

'3 படுக்கையறை, 1,200 சதுர அடி, லிஃப்ட், ஸ்டில்ட் பார்க்கிங், கிழக்குப் பார்த்த வாசல்.' இதுவரைக்கும் சென்னையின் எந்தப் பேட்டைக்கும் பொருந்துகிற விளம்பரம்தான். மயிலாப்பூர் ஃபிளாட் என்றால் அதற்குக் கீழே இன்னொரு வரி கட்டாயம் இருக்கும். கபாலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போகலாம், சபாவுக்கு நடந்தே போகலாம், நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நடந்தே போகலாம். விலையைத் தூக்குவது அந்த வரிதான்.

பில்டர் கட்டித் தருவது சுவரும் தரையும் படிக்கட்டும். அந்தக் கடைசி வரியில் சொல்லப்படுகிற எதிலும் அவர் ஒரு செங்கல்கூட வைத்ததில்லை. அதை உண்டாக்கியவர்கள் வேறு ஆட்கள். பாடியவர்கள், பாட்டு சொல்லிக் கொடுத்தவர்கள், வாத்தியம் செய்தவர்கள், பூக்கட்டியவர்கள், பொம்மை விற்றவர்கள். அவர்களில் பலரால் இன்றைய விலைக்கு அங்கே ஓர் அறைகூட வாங்க முடியாது. மயிலாப்பூரின் வீட்டுச் சந்தையைப் பற்றிப் பேசும்போது முதலில் கண்ணில் பட வேண்டியது இந்த இடைவெளிதான்.

ஒரே பேட்டை, பல ஊர்

மயிலாப்பூர் என்றாலே மாமியும் டிகிரி காபியும் என்று சினிமா பழக்கி வைத்திருக்கிறது. பேட்டை அதைவிட அகலமானது. லஸ் சர்ச் 1516-ல் போர்த்துகீசியர் கட்டியது. கடற்கரைப் பக்கம் நிற்கும் சாந்தோம் பேராலயத்தின் இப்போதைய கட்டடம் 1896-ஐச் சேர்ந்தது. கபாலீஸ்வரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 1906-ல் எழுந்தது. கச்சேரி சாலையில் ஜும்மா மசூதி இருக்கிறது. அதே சாலையில் 1885 முதல் நாட்டு மருந்து விற்கும் 'டப்பா செட்டி கடை'யும் இருக்கிறது. கோயில் குளத்துக்கு நிலம் கொடுத்தவர் ஆற்காட்டு நவாப் என்று ஊரில் சொல்வார்கள். மொகரம் நாளில் முஸ்லிம்கள் அந்தக் குளத்தில் இறங்கும் வழக்கத்துக்கும் அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். தெற்கே போனால் 1897-ல் தொடங்கிய ராமகிருஷ்ண மடம். கிழக்கே போனால் நொச்சிக்குப்பத்து மீனவர் குடியிருப்பு.

இசையின் கதை இன்னும் நீளம். பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் மாட வீதிகளைச் சுற்றிப் பஜனை பாடிச் சென்றார். அந்தப் பஜனை இன்றைக்கும் நிற்கவில்லை. பழைய ஆலிவர் ரோடு இன்று முசிறி சுப்பிரமணியம் சாலை. மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் அங்கேதான் இருக்கிறது. சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா, கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், கொஞ்சம் தள்ளி 1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமி. சங்கீத மும்மூர்த்திகள் என்றதும் தமிழர் மனத்தில் வந்து நிற்கும் அந்தப் படத்தை வரைந்த எஸ்.ராஜம் இந்தப் பேட்டைக்காரர். 1934-ல் 'சீதா கல்யாணம்' படத்தில் ராமராக நடித்தவர், பாடகர், ஓவியர். அவருடைய தம்பி வீணை எஸ்.பாலசந்தர். யுனெஸ்கோ 2017-ல் சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சேர்த்தது. அந்தப் பெருமையில் பெரிய பங்கு இந்த நாலைந்து தெருக்களுக்கு உண்டு.

வாங்க வருகிறவர் இதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் வருகிறார். நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதி நடைபாதை முழுக்க கொலு பொம்மை, பங்குனியில் அறுபத்துமூவர், தையில் தெப்பம், டிசம்பரில் சபாவுக்கு சபா கச்சேரியும் கேன்டீனும். இத்தனையும் வாசலில் கிடைக்கிற பேட்டை சென்னையில் இன்னொன்று இல்லை.

2 கோடியே 40 லட்சம், அதற்கு மேலும்

புதுக் கட்டடத்தில் சதுர அடி 20,000 ரூபாய் என்பது இன்று மயிலாப்பூரில் யாரையும் திடுக்கிட வைக்காத விலை. கணக்குக்கு அதையே எடுத்துக்கொண்டால், 1,200 சதுர அடிக்கு 2 கோடியே 40 லட்சம் ஆகிறது.

பத்திரச் செலவு தனி. 2023 டிசம்பரில் தமிழக அரசு புது ஃபிளாட்டுகளுக்கான பதிவு முறையை மாற்றியது. அதற்கு முன் மனையில் பிரிக்கப்படாத பங்கை மட்டும் கிரயம் செய்துகொண்டு, கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுவார்கள். இப்போது மனைப் பங்கும் கட்டடமும் சேர்ந்த மொத்த மதிப்புக்குப் பதிவு. 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கு மேல் 7 சதவீதம். எல்லாவற்றோடும் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நம் கணக்கில் இரண்டும் சேர்ந்து 7 சதவீதம் வருகிறது. அது மட்டுமே 16 லட்சத்து 80 ஆயிரம். கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால் 5 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 12 லட்சம். பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கிற ஃபிளாட்டுக்கு இந்த வரி கிடையாது.

அந்த 1,200 சதுர அடியும் கால் வைத்து நடக்கிற இடம் இல்லை. லிஃப்ட், படிக்கட்டு, பொது நடைவழி எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்து வருகிற 'சூப்பர் பில்ட்-அப்' அளவு அது. வீட்டுக்குள்ளே சுவருக்குச் சுவர் டேப் வைத்து அளந்தால் 850, 900 சதுர அடி தேறும். பேரம் பேசும்போது கேட்க வேண்டிய எண் அந்த கார்ப்பெட் ஏரியாதான்.

கிரவுண்டு கணக்கு

மயிலாப்பூரில் ஏன் இவ்வளவு வேகமாக இடிக்கிறார்கள்? காரணம் ஒரு பெருக்கல் கணக்கில் இருக்கிறது.

2 கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. 1980-களில் இப்படி ஒரு மனையில் திண்ணையும் முற்றமும் வைத்த வீடு இருந்தது. அதை இடித்து, அன்றைய கட்டடப் பரப்பு விகிதமான 1.5-ன்படி 7,200 சதுர அடி கட்டினார்கள். தலா 1,200 சதுர அடியில் 6 ஃபிளாட். ஒவ்வொருவருக்கும் மனையில் பிரிக்கப்படாத பங்கு, புரோக்கர்கள் 'யுடிஎஸ்' என்று சொல்வது, 800 சதுர அடி.

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அந்த விகிதத்தை 2 ஆக உயர்த்தின. உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கான உயர வரம்பும் 18.3 மீட்டர் ஆனது. அதே மனையில் இப்போது 9,600 சதுர அடி கட்டலாம். 8 ஃபிளாட். சாலை அகலமாக இருந்தால், அரசுக்குப் பணம் கட்டி 30 முதல் 50 சதவீதம் வரை கூடுதல் பரப்பும் வாங்கலாம். அதை விட்டுவிட்டாலும் புதிதாகக் கிடைக்கிற 2,400 சதுர அடிக்கு இன்றைய விலை 4 கோடியே 80 லட்சம். பழைய 6 பேருக்கும் செலவில்லாமல் புது வீடு, பில்டருக்கு விற்க 2 ஃபிளாட் என்று கூட்டுக் கட்டுமானம் பேசி முடிக்க இந்தத் தொகை இடம் கொடுக்கிறது.

இதில் சத்தமில்லாமல் கைமாறுவது மண். பழைய உரிமையாளரின் 800 சதுர அடிப் பங்கு 600 ஆகச் சுருங்குகிறது. 6 பேரிடமிருந்து கழிந்த 1,200 சதுர அடி, புதிதாக வரும் 2 பேருக்குப் போகிறது. கட்டடத்துக்கு வயது ஏற ஏற அதன் மதிப்பு இறங்கும், மண்ணுக்கு ஏறும். அதனால் கிரானைட், மாடுலர் கிச்சன், வீடியோ டோர்போன் எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, 'யுடிஎஸ் எவ்வளவு?' என்பது. ஒரே விலை சொல்கிற இரண்டு ஃபிளாட்டில் ஒன்றுக்கு 600, இன்னொன்றுக்கு 420 என்று இருந்தால், இரண்டும் ஒரே பொருள் இல்லை.

பத்திரத்தில் பார்க்க வேண்டியது

'ரெரா' சட்டம் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2016-ல் வந்த அந்தச் சட்டம் உண்மையிலேயே வாங்குபவர் பக்கம் நிற்கிற சட்டம். கட்டுமானத்துக்கு வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டமைப்பில் குறை தெரிந்தால் ஐந்தாண்டு வரை பில்டரே சரிசெய்து தர வேண்டும்.

ஆனால் 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனை, அல்லது 8 வீட்டுக்கு மேற்படாத திட்டம் என்றால் ரெராவில் பதிவு கட்டாயமில்லை. மேலே சொன்ன 2 கிரவுண்டு மனை சுமார் 446 சதுர மீட்டர்தான். வீடுகளும் எட்டுதான். மயிலாப்பூர் உள்தெருக்களின் மனைகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்குபவை. நகரத்தின் மிக விலை உயர்ந்த பேட்டைகளில் ஒன்றில் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர், ரெரா பதிவு எண் இல்லாத கட்டடத்தை வாங்க நேர்கிறது. அங்கே வாங்குபவருக்குத் துணை அவருடைய வக்கீலும் அவருடைய பொறுமையும்தான். மூலப்பத்திரத்திலிருந்து இன்று வரை தொடர்ச்சி அறாமல் வருகிறதா, வில்லங்கச் சான்றிதழ் சுத்தமா, பட்டா யார் பேரில் இருக்கிறது, அனுமதி வாங்கிய வரைபடமும் எழும்பி நிற்கிற கட்டடமும் ஒன்றா? கடைசிக் கேள்விக்குப் பதில் மொட்டை மாடியில் கிடைக்கும். வரைபடத்தில் இல்லாத ஓர் அறை அங்கே இருந்தால், மற்ற தாள்களையும் இன்னொரு முறை புரட்ட வேண்டும்.

மயிலாப்பூருக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. கபாலீஸ்வரர் கோயிலுக்கு இந்தப் பகுதியில் நிறைய சொத்து இருக்கிறது. கோயில் நிலத்தில் குத்தகைக்கு இருப்பவருக்குக் கட்டடம் சொந்தமாக இருக்கலாம், மண் சாமியுடையது. அப்படிப்பட்ட இடத்தில் கட்டடத்தை மட்டும் வாங்கிவிட்டு, பின்னால் அறநிலையத் துறையின் நோட்டீஸைப் பார்த்து அதிர்வதில் பயனில்லை. விலை சந்தையைவிடக் கண்ணை உறுத்தும் அளவுக்குக் குறைவாக இருந்தால் முதல் சந்தேகம் இங்கே வர வேண்டும்.

தண்ணீரையும் மறந்துவிடக் கூடாது. கடல் பக்கத்தில் இருக்கிற பேட்டை. போர்வெல் தண்ணீரை ஒரு டம்ளர் பிடித்து வாயில் வைத்துப் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். தமிழகத்தில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மாடியிலிருந்து இறங்கும் குழாய் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று குனிந்து பார்ப்பது, மாதிரி ஃபிளாட்டின் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதைவிடப் பயன் தரும்.

சுவருக்கு அந்தப் பக்கம்

கலைக்குப் பேர்போன பேட்டையில் கட்டுகிற வீடு, கலையைத் தாங்குமா?

பழைய வீடுகளின் சுவர் கனம். நடுவில் முற்றம். மேலே திறந்த வானம். விடியற்காலை நாலரைக்கு மந்திர ஸ்தாயியில் அகார சாதகம் செய்தாலும், மத்தியானம் சிஷ்யப் பிள்ளைகள் வர்ணம் பாடினாலும், தெரு அதைத் தாங்கிக்கொண்டது. இன்றைய ஃபிளாட்டில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒன்பது அங்குலச் சுவர் இருந்தால் அதிர்ஷ்டம். அறைக்கும் அறைக்கும் நடுவே நாலரை அங்குலம். மிருதங்கத்தின் தொப்பியில் விழுகிற அடி அந்தச் சுவரைச் சட்டை செய்யாது. மேல் மாடியில் பத்துப் பிள்ளைகள் தட்டடவு போட்டால் கீழ் வீட்டு மின்விசிறி அதிரும்.

அதனால்தான் சங்கக் கூட்டங்களில் தகராறு வருகிறது. சபாவுக்குப் பக்கம் என்று சொல்லி விற்ற அதே கட்டடத்தில், வீட்டில் பாட்டு வகுப்பு எடுக்கக் கூடாது என்று ஒரு விதி எழுதப்படும். கேட்கிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது: ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலையில் தூங்குகிறவர், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, படுத்திருக்கிற முதியவர். தீர்வு கட்டும்போதே இருக்கிறது. தரைத்தளத்திலோ மாடியிலோ ஒலி வெளியே போகாத ஒரு பொது அறை போதும். ஜிம்முக்கும் பார்ட்டி ஹாலுக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். மயிலாப்பூரில் ஒரு சாதக அறைக்கு இடம் ஒதுக்கச் சொல்லி வாங்குபவர்கள் கேட்டால் பில்டர்கள் கேட்பார்கள். விற்கிற சரக்கே அதுதானே.

தோலும் சாதமும்

மயிலாப்பூரின் உள்தெருக்களில் மிருதங்கம் செய்கிறவர்களின் பட்டறைகள் உண்டு. பலவும் ஒரு கட்டில் போடுகிற அளவுள்ள இடங்கள். மிருதங்கத்தின் உடல் உருளையாகக் கடைந்த பலாமரம். பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் ஒரு மிருதங்கத்துக்கு வேண்டும். எருமைத் தோல் வாராகிறது. இரு தலைகளையும் இழுத்துக் கட்டி நிறுத்துவது அந்த வார்தான். வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்குப் பெயர் சாதம். கிட்டான் கல்லைப் பொடித்து, வடித்த சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாக வைத்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து உலர்த்தி, மேலே அடுத்த பூச்சு. அவசரப்பட்டால் வெடிக்கும். கனம் கூடினால் நாதம் போய்விடும். சுருதி சேர்ந்ததா என்று செய்கிறவரின் காது சொல்ல வேண்டும். அதற்கு அளவுகோல் கிடையாது.

இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாடகர் டி.எம்.கிருஷ்ணா அவர்களைப் பற்றி 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதிய பிறகுதான், மேடைக்குக் கீழே இருந்த அந்தப் பெயர்கள் வெளியே பரவலாகத் தெரிய வந்தன. டிசம்பர் சீசனில் வித்வான்கள் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது இவர்களிடம்தான். சாயங்காலம் கச்சேரி, காலையில் வலந்தலை சரியில்லை என்றால், நடந்து போகிற தூரத்தில் பட்டறை இருந்தாக வேண்டும்.

விளம்பரத்தின் அந்த 'நடை தூரம்' இவர்களுக்கும் தேவைப்படுகிறது. தோல் ஊறுகிற வாடையும் சுத்தியல் சத்தமும் உள்ள தொழிலுக்கு, ஸ்டில்ட் பார்க்கிங் வைத்த புதுக் கட்டடத்தில் இடம் கிடைப்பதில்லை. பழைய வீட்டின் வாசல் அறை இடிபடும்போது பட்டறையும் புறநகருக்குக் கிளம்புகிறது. பூக்கட்டுகிறவர், தையல்காரர், சலங்கை கோக்கிறவர் எல்லாருக்கும் இதே கதிதான்.

அடுத்த அலை

இதுவரை நடந்தது பெரும்பாலும் தனி வீடுகள் ஃபிளாட் ஆன கதை. இனி வருவது ஃபிளாட்டே இடிந்து ஃபிளாட் ஆகிற கதை. 1994-ம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்தின் காலத்தில் ஓர் உரிமையாளர் முரண்டு பிடித்தாலும் மறுகட்டுமானம் நின்றுவிடும். அதற்குப் பதிலாக வந்த 2022-ம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். 6 ஃபிளாட் உள்ள கட்டடத்தில் 4 பேர்.

விரிசல் விட்ட கூரையின் கீழ், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் சிக்கிக்கொண்ட முதியவர்களுக்கு இந்தச் சட்டம் பெரிய உதவி. அதே நேரம், கையெழுத்து உரிமையாளருக்கு மட்டும்தான். அந்த வீட்டில் நெடுங்காலமாக வாடகைக்கு இருந்து நாட்டியம் சொல்லிக் கொடுத்தவருக்கு இந்தக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. புதுக் கட்டடம் எழும்பிய பிறகு பழைய வாடகையும் திரும்பி வராது.

விலையை மேலே தள்ள இன்னொன்றும் தயாராகிறது. 1997-ல் பறக்கும் ரயில் திருமயிலைக்கு வந்தது. இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம்-சிப்காட் வழித்தடமும், கலங்கரை விளக்கம்-பூந்தமல்லி வழித்தடமும் திருமயிலையில் பூமிக்கடியில் சந்திக்கின்றன. தோண்டுகிற வேலையால் லஸ் முனையில் போக்குவரத்து திணறுவது தற்காலிகம். நிலையம் திறந்த பிறகு அரைக் கிலோமீட்டருக்குள் இருக்கிற ஒவ்வொரு மனைக்கும் ஏறப்போகும் விலை நிரந்தரம்.

எனவே மயிலாப்பூர் எப்படி இருக்கும் என்பது இனி பெரிய அலுவலகங்களில் மட்டும் முடிவாகப் போவதில்லை. 6 பேர், 8 பேர், 12 பேர் உட்காருகிற சங்கக் கூட்டங்களிலும் முடிவாகும். பில்டரோடு ஒப்பந்தம் பேசுகிற நாளில் அவர்களுக்குப் பேரம் பேசும் பலம் முழுக்க இருக்கிறது. தெருவைப் பார்த்த இரண்டு சிறிய கடை அறைகள், ஒரு சாதக அறை, வகுப்பு எடுக்க நேர வரம்போடு அனுமதி தருகிற துணைவிதி. விதிமுறை இடம் கொடுக்கிற இந்த மூன்றையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். மாநகராட்சியும் சிஎம்டிஏவும் தங்கள் பங்குக்கு, கூடுதல் பரப்புக்கு வசூலிக்கும் கட்டணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, தரைத்தளத்தில் பட்டறைக்கோ வகுப்புக்கோ குறைந்த வாடகையில் இடம் தருகிற கட்டடங்களை ஊக்குவிக்கலாம். புதிதாக வாங்க வருகிறவரும் யுடிஎஸ் எவ்வளவு என்று கேட்ட கையோடு, கீழே இருந்த பட்டறை எங்கே போகிறது, வகுப்புக்குத் துணைவிதியில் இடம் உண்டா என்று பில்டரிடம் கேட்டுவிடலாம். பதில் திருப்தியாக இல்லை என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அடுத்த தெருவில் இன்னும் இரண்டு கட்டடத்தைப் பார்த்துவிட்டு வர நேரம் இருக்கிறது.